முதலாளி எனக்கு உதவியாளர்

நடுவர் எங்கள் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்று, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை மேலும் கீழும் பார்த்தார்.

காலில் பெட்டியைவிட்டு அன்றுதான் இறங்கிய வெள்ளைச் சப்பாத்து. விரல்களில் மோதிரங்கள். வயிற்றுக்குமேல் ஏற மறுத்துப் பாதியில் நின்றுவிட்ட ட்ராக் சூட் ஜிப். கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘உதவி ஃபிசியோ’ என்று மலாயில் அச்சிட்டிருந்தது. மடியில் ஐஸ் பெட்டி. பெட்டியின் ஈரம் காற்சட்டையில் இறங்குவதை அவர் மிகவும் அவமானமாக உணர்ந்துகொண்டிருந்தார்.

“உங்களுக்கு இங்கே என்ன வேலை?” என்று நடுவர் மலாயில் கேட்டார்.

“நான் இந்த டீமோட...” என்று அவர் தொடங்கவும், எங்கள் கோச் ரொஸ்லான் பலமாக இருமினார்.

“உதவி ஃபிசியோ,” என்றார் ஐஸ் பெட்டியோடு இருந்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“யாருக்கு உதவி?”

அவர் என்னைப் பார்க்காமலே கட்டைவிரலால் என்னைக் காட்டினார்.

“அப்படியானால் அந்த அம்மா சொல்வதைச் செய்யுங்கள். எழுந்து நின்று ஆட்டக்காரர்களுக்கு உத்தரவு போட்டால் வெளியே அனுப்பிவிடுவேன்,” என்று சொல்லிவிட்டு நடுவர் போனார். போகும்போது அவர் தோள்கள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அந்த உதவியாளர்தான் எங்கள் அணியின் முதலாளி. என் சம்பளம் அவர் கையிலிருந்துதான் வந்தது. அன்றைக்கு ஐஸ் மட்டும் என் உத்தரவுப்படி அவர் கையிலிருந்து வரவேண்டியிருந்தது.

யாருக்கும் சொந்தமில்லாத அணி

போன வாரம் கணுக்காலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியதற்கு, “அம்மா, காலை விட்டு மேலே வாருங்கள்” என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மேலே வருகிறேன். முதலாளிவரை வந்துவிட்டேன், போதுமல்லவா?

இந்தத் தொடரை இன்றுதான் திறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ரெபேக்கா. மெர்கோங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் சிறிய ஃபிசியோ நிலையம் நடத்துகிறேன். அதற்குமுன் சில பருவங்கள், லாலாங் ரேஞ்சர்ஸ் என்ற கால்பந்து அணியில் வேலை பார்த்தேன். சம்பளத்துக்கு விளையாடும் அணிதான், ஆனால் பெரிய லீக்கில் இல்லை. பீடோங்குக்கு வெளியே, மூன்று பக்கமும் செம்பனை சூழ்ந்த மைதானம் எங்களுடையது. பந்தை ஓங்கி உதைத்தால் செம்பனைக்குள் போய்விடும். தேடப் போனவன் பாம்பைப் பார்த்துவிட்டுப் பந்தில்லாமல் திரும்பி வருவான்.

ஆண்கள் அணியின் பெஞ்சில் நான் ஒருத்திதான் பெண். ஆட்டக்காரர்களுக்கு நான் ‘அக்கா’. முதலாளிக்கு ‘மிஸ்ஸி’. நம் ஊரில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் எல்லாரும் மிஸ்ஸிதானே.

அணி முதலில் ஒரு கமிட்டியின் கையில் இருந்தது. கமிட்டி என்றால் ஓய்வுபெற்ற சில பெரியவர்கள். மாதம் ஒருமுறை கூடுவார்கள், டீ குடிப்பார்கள், அடுத்த கூட்டம் எப்போது என்று முடிவுசெய்வார்கள். பேருந்து கெட்டுப்போனபோது யார் சரிசெய்வது என்று பேசி முடிப்பதற்குள் பருவமே முடிந்துவிட்டது. எல்லாருக்கும் சொந்தமான அணி, அதனால் யாருக்கும் சொந்தமில்லை.

அப்போதுதான் மெத்தைக் கடை சுந்தரம் வந்தார்.

சுங்கைப்பட்டாணியிலும் பீடோங்கிலும் அவருக்கு மெத்தைக் கடைகள். அவரைக் குறைசொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வந்த வாரமே பேருந்தில் ஏர்கோன் ஓடியது. எல்லாருக்கும் புதுச் சப்பாத்து வந்தது. ஆளுக்கொரு மெத்தை வீட்டு வாசலில் இறங்கியது. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இன்னும் குடியிருந்த ஒரு பையன் வீட்டில் மெத்தை கதவுக்குள் நுழையாமல், கடைசியில் ஜன்னல் கம்பியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

அப்புறம் ஜெர்சி வந்தது. நெஞ்சில் பெரிய எழுத்தில் கடையின் வாசகம், ‘தீடோர் ஞெஞாக்’. மலாய் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ‘ஆழ்ந்து தூங்குங்கள்’ என்று அர்த்தம்.

பதினொரு பேர் நெஞ்சில் ‘ஆழ்ந்து தூங்குங்கள்’ என்று எழுதிக்கொண்டு மைதானத்தில் இறங்கினால் எதிரணி ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? தாலாட்டுப் பாடினார்கள். எங்கள் தற்காப்பில் ஓட்டை விழும்போதெல்லாம் ‘தலகாணி வேணுமா?’ என்று கேட்டார்கள். ஓர் ஊரில் நிஜமாகவே தலையணையை வீசினார்கள். சுந்தரம் அதை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, “மட்டமான பஞ்சு” என்றார்.

கிராணியின் பந்து

முதலாளி விளையாட்டுக்குள் நுழைவது எனக்குப் புதிதல்ல. என் அப்பா சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர், எஸ்டேட் அணியில் இடது ஓரத்தில் ஓடியவர். அந்த அணிக்கு ஒரே ஒரு பந்து. அது ஆபீஸ் அலமாரியில் இருக்கும். சாவி, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம். அதனால் கிராணிதான் சென்டர் பார்வர்ட்.

அவர் ஓட மாட்டார். நிற்பார். பந்து அவர் காலுக்கு வர வேண்டும். அவர் உதைத்தால் கோலி எதிர்த்திசையில் பாய வேண்டும். எங்கள் எஸ்டேட் கோலி அந்தக் கலையில் தேர்ந்தவர் என்று அப்பா சொல்வார்.

ஒருநாள் பக்கத்து எஸ்டேட்காரர்கள் விளையாட வந்தார்கள். பந்து யாருடையது என்று அவர்களிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. ஒருவன் கிராணியின் காலிலிருந்து பந்தைப் பறித்தான். கிராணி கீழே விழுந்தார். எழுந்தார். மண்ணைத் தட்டினார். நேராகப் போய்ப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீசை நோக்கி நடந்தார். ஆட்டம் முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்பதில் இரண்டு எஸ்டேட்டுக்கும் பல வருடம் சண்டை.

சுந்தரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிராணிதான் ஞாபகத்துக்கு வருவார். சுந்தரம் பந்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவர் பிரச்சினை, போகவே மாட்டார்.

பின்னால நாலு பேரு சும்மா நிக்கிறானுங்க

முதல் பயிற்சிக்கு வந்தபோதே கோச்சிடம் கேட்டார்.

“கோச், பின்னால நாலு பேரு சும்மா நிக்கிறானுங்களே, அவங்களயும் முன்னால அனுப்புனா என்ன?”

ரொஸ்லான் பீடோங்கில் எஸ்டேட் பிள்ளைகளோடு பந்து உதைத்து வளர்ந்த மலாய்க்காரர். தமிழ் நம்மைவிடத் தெளிவாகப் பேசுவார். பொறுமைசாலி.

“அண்ணே, அவங்க டிஃபெண்டர். அங்க நிக்கிறதுதான் வேலை.”

“நம்ம கடையில ஒரு மெத்தை விக்கலன்னா இடத்த மாத்திப் போடுவோம். மறுநாளே போயிடும். ஆளுங்களயும் மாத்திப் போட்டுப் பாரு லா.”

மாற்றிப் போட்டார்கள். வலது ஓரத்தில் ஓடியவன் இடது தற்காப்புக்குப் போனான். தற்காப்பில் நின்றவன் முன்னால் வந்து, இங்கே என்ன செய்வது என்று எதிரணி ஆட்டக்காரனிடமே கேட்டான். தோற்றோம்.

பிறகு ஒரு ஜோசியர், கோலிக்குப் பச்சைதான் ராசி என்றார். எங்கள் கோலி ஜெகாவுக்குத் தலையிலிருந்து கால்வரை பச்சை. பச்சைப் புல், பின்னால் பச்சைச் செம்பனை, நடுவில் பச்சை ஜெகா. எங்கள் தற்காப்பு ஆட்டக்காரன், கோலி நடுவில் நிற்கிறான் என்று நினைத்துப் பின்னால் தட்டிவிட்டான். பந்து மெதுவாக உருண்டு எங்கள் வலைக்குள்ளேயே போனது. ஜெகா பக்கத்துக் கம்பத்தருகில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

ஆட்டம் நடக்கும்போது சுந்தரம் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்து கோச்சுக்கு போன் போடுவார். ஒருநாள் ரொஸ்லான் பொறுக்க முடியாமல் போனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு என் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டார். இரண்டாம் பாதி முழுக்க என் காலடியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் ஒரு பக்திப் பாட்டு அடித்து அடித்து ஓய்ந்தது.

“அக்கா, பஸ்ஸுக்கு ஒரு ஸ்டீரிங்தான் லா,” என்றார் ரொஸ்லான். “அவரு பெட்ரோல் ஊத்தட்டும், எங்க போறதுன்னு சொல்லட்டும். ஓட்டுறப்ப கைய வெச்சு இழுத்தா எல்லாரும் காட்டுக்குள்ள போயிடுவோம்.”

அந்த நேரத்தில் நாங்கள் பட்டியலின் அடியில் இருந்தோம். கீழே இறங்கினால் அணியை மூடிவிடுவதாக ஒரு பேச்சு இருந்தது. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் வேறு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். கோல் அடிக்கும் தினேஷ், சுங்கைப்பட்டாணி ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, மனைவியிடம் ஒரு பருவம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவன். மூடினால் அவன் மறுபடி நைட் ஷிஃப்டுக்குப் போக வேண்டும்.

போன் வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் சுந்தரம் ஒரு முடிவுக்கு வந்தார். பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவது.

லீக்கில் பதிந்தவர்கள் மட்டும்தான் பெஞ்சில் உட்காரலாம். மேனேஜர், கோச், துணை கோச், உடுப்புக்காரர் என்று எல்லா இடமும் பருவத்தின் தொடக்கத்திலேயே நிரம்பிவிட்டது. ஒரே ஓர் இடம்தான் காலி. நான் வெகுநாளாக உதவிக்கு ஆள் கேட்டு, ‘அதெல்லாம் எதுக்கு மிஸ்ஸி’ என்று சுந்தரமே தட்டிக் கழித்த இடம்.

மூச்சில்லாத ஆலோசகர்

முதலுதவி கற்காமல் அந்த அட்டை கிடைக்காது. நானே கற்றுக் கொடுத்தேன். கடை ஊழியர் ஒருவரை மெத்தையில் கிடத்தி, கணுக்காலில் கட்டுப் போடச் சுந்தரம் பழகினார். முதல் நாள் போட்ட கட்டோடு அந்த ஊழியர் எழுந்திருக்க முடியாமல், கட்டை வெட்டித்தான் விடுவிக்க வேண்டியிருந்தது. ஆனால் மனுஷன் விடவில்லை. கை பழகியது. கல்லாவில் உட்கார்ந்திருந்த சுந்தரத்தின் மனைவி கமலம் அக்கா, தலையை நிமிர்த்தாமல் வாடிக்கையாளரைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன அந்த ஆட்டத்துக்கு வருகிறேன்.

நடுவர் எச்சரித்துவிட்டுப் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சுந்தரம் எழுந்தார். தினேஷைப் பார்த்து வாயைத் திறந்தார். அந்த நொடியில் ஜெகாவுக்குக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. நிஜமான பிடிப்புதான். நடுவர் கையைக் காட்டினார்.

“ஐஸ் பெட்டி,” என்றேன் நான்.

“என்னது?”

“பெட்டிய தூக்கிட்டு வாங்க முதலாளி, ஓடணும்.”

எங்கள் பெஞ்சு நடுக்கோட்டருகில். ஜெகா கோல் கம்பத்தடியில். அரை மைதானம். நான் போய்ச் சேர்ந்து காலை நீட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது, முதலாளி பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி, உள்ளே ஐஸ் கடகடக்க, இன்னும் வந்துகொண்டிருந்தார். வந்து மண்டியிட்டு ஸ்ப்ரேயை எடுத்து அடித்தார்.

“முதலாளி, அந்தக் கால் இல்ல,” என்றான் ஜெகா பணிவாக.

ஏதோ ஆலோசனை சொல்ல அவர் வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது. திரும்பி பெஞ்சுக்கு வந்து பத்து நிமிடம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் ரொஸ்லான் தான் நினைத்தபடி ஆட்டத்தை நடத்தினார். வெகுநாளைக்கப்புறம் அன்று நாங்கள் தோற்கவில்லை.

மறுநாள் பயிற்சிக்குப் பிறகு ஜெகா என் மேசையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

“அக்கா, கோலிக்கு ஒரு சலுகை இருக்கு, தெரியுமா? மத்தவன் விழுந்து வைத்தியம் பாத்தா வெளிய போயிட்டு வரணும். கோலி போக வேணாம். உள்ளயே பாத்துக்கலாம்.”

“அதனால?”

“அதனால ஒன்னுமில்ல. சும்மா சொன்னேன்.”

பக்கத்தில் நின்ற ரொஸ்லான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அதுவே பிறகு எங்கள் சைகை ஆகிவிட்டது. முதலாளி எழுந்து நின்றால் கோச் தொப்பியைக் கழற்றுவார். தொப்பி கழன்றால் ஜெகா விழுவான்.

பள்ளி நாடகத்தில் நடித்தவன். சும்மா விழ மாட்டான். முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு நொண்டல், அப்புறம் மரம் சாய்வதுபோல் ஒரு சாய்வு. “ஒரு மேட்ச்ல ரெண்டு தடவைக்கு மேல வேணாம் தம்பி,” என்று ரொஸ்லான் எச்சரித்தார். “ரெஃப்ரி மடையன் இல்ல.”

நடுவர்கள் மடையர்கள் இல்லைதான். ஜெகாவுக்கு நேரத்தை வீணாக்கியதற்காக மஞ்சள் அட்டை கிடைத்தது. ஆனால் நாங்கள் ஜெயிக்கத் தொடங்கியிருந்தோம்.

நானும் ரொஸ்லானும் பெரிய தந்திரசாலிகள் என்ற நினைப்பில் மிதந்தோம். முதலாளிக்கு வேலை கொடுத்தால் அணி ஜெயிக்கும். இதைக் கண்டுபிடித்ததற்கு யாராவது எங்களுக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம் என்றுகூடப் பேசிக்கொண்டோம்.

இதற்கிடையில் நாங்கள் திட்டம் போடாத சிலதும் நடந்தது. பயிற்சி மைதானத்தின் வடக்கு மூலையில் ஒரு பள்ளம். அதை மூடச் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன், யாரும் காதில் வாங்கவில்லை. ஒரே வாரத்தில் வரிசையாகச் சுளுக்கிய கால்களுக்குக் கட்டுப் போட்ட சுந்தரம், “எல்லாம் எங்க விழுறானுங்க?” என்று கேட்டுப் போய்ப் பார்த்தார். அடுத்த நாள் மண் லாரி வந்தது. ஐஸ் போதவில்லை என்று தன் கையால் உணர்ந்ததும் ஐஸ் மிஷின் வந்தது. தினேஷின் பழைய முட்டிக்காயம் மழை நாளில் வலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. “இன்னிக்கு மழ மோடம் போட்டிருக்கு, அவன அதிகமா ஓட விடாதீங்க மிஸ்ஸி,” என்பார்.

ஜோசியர் வருவது நின்றது. ஜெகாவுக்கு மஞ்சள் ஜெர்சி வந்தது.

ஜெகா விழுந்தான்

பருவத்தின் கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில். சமன் செய்தால்கூடப் போதும், லீக்கில் தங்கிவிடுவோம். தோற்றால் இறங்குவோம்.

அன்று பார்வையாளர் வரிசையில் இருவர் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். கோலாலம்பூரில் ஒரு கம்பெனி, அணியை வாங்க விரும்புவதாகச் செய்தி. லீக்கில் தங்கினால்தான் வாங்குவார்கள். வாங்கினால் பெயரை மாற்றித் தெற்கே கொண்டுபோய்விடுவார்கள் என்றும் சொன்னார்கள். சுந்தரம் அவர்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டு வந்து ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஆளுக்கொரு கோல். மாற்று ஆட்டக்காரர்கள் எல்லாரையும் ரொஸ்லான் இறக்கிவிட்டார். சுந்தரத்தால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, “தினேஷ், முன்னால போடா,” என்று கத்தினார்.

எதிரணிக்குக் கார்னர். பந்து உயர வந்தது. ஜெகா எம்பினான். கூட்டத்துக்குள் யாருடைய முட்டியோ. ஜெகா விழுந்தான்.

எதிரணி ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். ஏற்கெனவே ஒருமுறை ஜெகாவை எச்சரித்திருந்த நடுவர், “எழுந்திரு” என்று சைகை காட்டினார். எங்கள் ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் ரொஸ்லானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். தொப்பி தலையில்தான் இருந்தது. சரி, முதலாளி எழுந்ததைப் பார்த்து இவனே விழுந்துவிட்டான் என்று நினைத்தேன்.

அதற்குள் சுந்தரம் ஓடிக்கொண்டிருந்தார். நடுவர் கைகாட்டும்வரை அவர் காத்திருக்கவில்லை. அந்தப் பருவத்தில் முதல்முறையாக எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். நான் போனபோது ஜெகாவின் தலையை அசையாமல் இரு கையாலும் பிடித்திருந்தார், நான் சொல்லிக் கொடுத்தபடியே.

“மிஸ்ஸி, இது நடிப்பு இல்ல.”

“எப்படிச் சொல்றீங்க?”

“நடிக்கும்போது இடது கையால தரையத் தட்டுவான். இப்ப தட்டல.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“ரெண்டாவது மேட்ச்லேருந்து தெரியும்,” என்றார் அவர், ஜெகாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “அத அப்புறம் பேசிக்கலாம். இவனப் பாருங்க.”

ஜெகா கண்ணைத் திறந்தான். எழுந்து உட்கார்ந்தான். “ஒன்னுமில்லக்கா, விடுங்க,” என்றான்.

“யாரோட விளையாடுறோம் ஜெகா?”

போன மாதம் விளையாடிய அணியின் பெயரைச் சொன்னான். பிறகு, “பஸ் வந்துருச்சா?” என்று கேட்டான்.

“வெளியே வா,” என்றேன்.

ரொஸ்லான் கோட்டருகில் ஓடி வந்திருந்தார். “அக்கா, மாத்த ஆளே இல்ல. கோலி இல்லாம எப்படி? கொஞ்ச நேரந்தான். தாங்குவானா?”

“தாங்குவேன் கோச்,” என்றான் ஜெகா, கோச் இருந்த திசைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டு.

ரொஸ்லான் கெட்டவர் அல்ல. அந்தப் பருவம் முழுக்க அவர் தூக்கிச் சுமந்தது அந்தச் சில நிமிடங்களில் இருந்தது. அவர் பார்வை என்னை விட்டுவிட்டு முதலாளியிடம் போனது. நானும் பார்த்தேன். மேலே கோலாலம்பூர்க்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜெகா நின்றிருப்பான். நான் கத்தியிருப்பேன், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சுந்தரம் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“கோச், மிஸ்ஸி சொன்னா முடிஞ்சது. நான் அவங்களுக்கு உதவிக்கு வந்த ஆளு.”

குனிந்து ஜெகாவின் கையுறைகளைத் தானே கழற்றினார். பக்கத்தில் வந்து நின்ற தினேஷிடம் நீட்டினார்.

“முதலாளி, நான் கோல் அடிக்கிற ஆளு,” என்றான் தினேஷ்.

“தெரியும்டா. இன்னிக்கு நீ தடு.”

ஆம்புலன்சில் ஜெகாவோடு அவரே ஏறிப் போனார். இரண்டு பேரில் ஒருவர் மைதானத்தில் இருந்தாக வேண்டும், நான் இருந்தேன்.

பத்துப் பேரும் கோல் கம்பத்துக்கு முன்னால் வேலி போட்டதுபோல் நின்றார்கள். தினேஷ் ஒரு பந்தைக் கையால் தடுத்தான், ஒன்றைக் காலால். கடைசியாக வந்ததை மூக்கால் தடுத்தான். அதைத் தடுத்தான் என்று சொல்வதைவிட, பந்து வந்த வழியில் அவன் மூக்கு இருந்தது என்று சொல்வது சரி. விசில் ஊதியபோது அவனுக்கு ரத்தம் துடைத்துக்கொண்டே நானும் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

“மிஸ்ஸி, ஸ்கேன் எடுத்தாச்சு. பயப்பட ஒன்னுமில்லயாம். ஒரு ராத்திரி வெச்சுப் பாக்குறாங்களாம். மீ கோரெங் கேக்குறான், குடுக்கலாமா?”

“டாக்டரக் கேட்டுக் குடுங்க முதலாளி.”

“சரி. மேட்ச் என்னாச்சு?”

“டிரா.”

“டிரான்னா... போதுமா?”

இவ்வளவு நாள் இந்த மனுஷன் எங்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார்.

“போதும் முதலாளி,” என்றேன்.

கமலம் அக்கா பேசினார்

ஜெகா சில வாரம் ஓய்வெடுத்துத் தேறிவிட்டான். அவன் மருத்துவமனையிலிருந்து வந்த வாரத்தில், கோலாலம்பூர்க்காரர்கள் பீடோங் கடைக்கு வந்தார்கள். ரொஸ்லானையும் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். முதலாளி விற்கப் போகிறார், அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனோம். படியேறும்போதே ரொஸ்லான், “தெற்க நான் வரமாட்டேன் அக்கா, எங்கம்மா இங்க இருக்காங்க,” என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

மாடி அறையில் சுந்தரம் இல்லை. கமலம் அக்கா மட்டும் இருந்தார். மேசைமேல் டீயும் கறிபாப்பும்.

வந்தவர்கள் நல்ல விதமாகத்தான் பேசினார்கள். புது ஸ்டேடியம், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், தொலைக்காட்சி. பேசி முடித்துவிட்டு, “மிஸ்டர் சுந்தரம் வந்தால் கையெழுத்துப் பற்றிப் பேசலாம்,” என்றார்கள்.

“அவரு எதுக்கு?” என்றார் கமலம் அக்கா. “டீம் எம் பேர்ல இருக்கு.”

எனக்கும் ரொஸ்லானுக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும். கடை கமலம் அக்காவின் அப்பா தொடங்கியது, அணியை வாங்கியதும் கடைக் கணக்கில்தான் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

“விக்கிற மாதிரி இல்லைங்க. கறிபாப் சாப்பிடுங்க,” என்றார்.

அவர்கள் இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, கறிபாப்பைச் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்கள். ரொஸ்லான் சந்தோஷத்தில் ஒரு கறிபாப்பை எடுத்துக்கொண்டார்.

“அக்கா, உங்களுக்கு ஃபுட்பால் இவ்ளோ புடிக்கும்னு தெரியாது.”

“ஃபுட்பாலா? எனக்கு என்ன தெரியும் லா, தம்பி. இவரு கடையில இருந்தப்ப, மெத்த வாங்க வர்றவங்களப் படுக்க வெச்சு முதுகெலும்பப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாரு. வந்தவங்க தூங்கிட்டு எழுந்து போயிடுவாங்க. வாங்க மாட்டாங்க. எங்கப்பா கட்டுன கடை படுத்துரும்னு பயந்து போயிட்டேன். அப்பத்தான் இந்த டீம் விக்கிதுன்னு கேள்விப்பட்டேன். நான்தான் வாங்கிக்கோங்கன்னு சொன்னேன். இப்ப கடை நல்லா ஓடுது. டீம வித்துட்டு இவர நான் எங்க கொண்டுபோய் வெக்கிறது?”

முதலாளிக்கு வேலை கொடுக்கும் தந்திரத்தைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம்.

கீழேயிருந்து சுந்தரத்தின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தோம். படியில் கால் தடுக்கிய கோலாலம்பூர்க்காரர் ஒருவரைக் காட்சிக்கு வைத்த மெத்தையில் உட்கார வைத்து, அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கணுக்காலின் அமைப்பை ஆதியிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தார். கடைக்கு வந்த இரண்டு குடும்பங்கள் மெத்தையை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

கமலம் அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“மிஸ்ஸி, ட்ரெய்னிங் வாரத்துல ரெண்டு நாள்தானா?”

“ஆமாக்கா.”

“நாலு நாளா ஆக்க முடியாதா?”

அடுத்த வாரமே நான்கு நாள் ஆக்கினோம். அதற்கடுத்த பருவத்தில்தான் லாலாங் ரேஞ்சர்ஸ் முதல்முறையாகப் பட்டியலின் மேல்பாதியைப் பார்த்தது. அந்த வருடமே கமலம் அக்கா அலோர்ஸ்டாரில் இன்னொரு கடை திறந்தார்.